மண் வேலை யந்திரத்தை மாற்றும் காலம்

உழவு மாட்டை எப்பொழுது விற்க வேண்டுமென்பதைத் தமிழ்நாட்டுக் குடியானவர்களுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தும், நடையைக் கவனித்தும், ஏர் பூட்டிச் சிறிது நேரத்திற்கெல்லாம் அது விடும் மூச்சைக் கேட்டும், இன்னும் எத்தனை பருவம் தாங்கும் என்று அவர்கள் சொல்லிவிடுவர். முற்றிலும் தளர்ந்த பின் சந்தைக்கு ஓட்டிச் சென்றால் கேட்பாரில்லை என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் அதே குடும்பத்தார் மண் வெட்டும் யந்திரமொன்றை வாங்கி வாடகைக்கு விட்டு ஜீவனம் செய்து வரும்பொழுது, அதை எப்பொழுது விற்பது என்ற விஷயத்தில் மட்டும் கணக்கு எதுவுமின்றி நடந்துகொள்வதைப் பல ஊர்களில் காணலாம். சிலர் கடன் தவணை தீர்ந்த மாதமே புதியதற்கு முன்பணம் கட்டிவிடுகின்றனர். வேறு பலர், யந்திரம் கண்மாய்க்குள் அடியோடு நின்று, அதை இழுத்துவர மற்றொரு யந்திரத்துக்கு வாடகை கொடுக்கும் நாள் வரையில் விற்பதைப் பற்றி நினைப்பதேயில்லை.

இரண்டும் நஷ்டமே. ஆனால் முதலாவது நஷ்டம் வங்கிப் புத்தகத்தில் தவணையாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது நஷ்டம், கிரீஸ் டப்பா, ஹோஸ், புஷ், மெக்கானிக்குக் கூலி, நின்ற நாள் என்று சில்லறை சில்லறையாய்ப் போவதால் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. யந்திரம் வைத்திருந்தும் கையில் பணம் தங்கவில்லையே என்று வருந்தும் குடும்பங்களிற் பல இவ்வகையில் அகப்பட்டவையே.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் யந்திரம், முன்புறம் அள்ளும் வாளியும் பின்புறம் வெட்டும் கையும் உடைய சக்கர யந்திரமாகும். ஜே.சி.பி. என்று ஊர்தோறும் வழங்குவது இதுவே. 1979-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தொழில் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர், இன்று யார் செய்த யந்திரமாயினும் இவ்வகை முழுவதற்கும் பெயராகிவிட்டது. பண்ணைக் குட்டை தோண்டுதல், ஏரி கண்மாய்களில் வண்டல் எடுத்தல், வரப்பும் கரையும் போடுதல், தென்னைக்குக் குழி வெட்டுதல், சீமைக் கருவேலத்தை வேரோடு களைதல் ஆகிய வேலைகளுக்கு இது பெரிதும் உபயோகப்படுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையார் யந்திரங்களை வாடகைக்குக் கொடுத்து வந்தபோதிலும், கோடையில் எல்லாக் கண்மாய்களும் ஒரே சமயத்தில் வற்றுவதால், தனிப்பட்டோர் வைத்திருக்கும் யந்திரங்களுக்கும் வேலை இருந்துகொண்டேயிருக்கிறது.

ஏறும் செலவும் இறங்கும் செலவும்

யந்திரம் ஒன்றை வைத்திருப்பதில் இருவகைச் செலவுகள் உள. ஒன்று, அதன் கிரயம் வருஷந்தோறும் குறைவதும், அதில் முடங்கிக் கிடக்கும் பணத்தின் வட்டியுமாகும். புது யந்திரம் கடையைவிட்டு வெளிவந்த முதல் வருஷத்தில் இச்செலவு மிக அதிகம். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். மற்றொன்று, மராமத்துச் செலவும், மராமத்துக்காக நின்ற மணிகளில் இழந்த வாடகையுமாகும். இது முதலில் சொற்பம்; பின்னர் ஏறிக்கொண்டே போகும்.

இறங்கும் செலவும் ஏறும் செலவும் சேர்ந்த மொத்தத்தை, யந்திரம் உழைத்த வருஷங்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தால், அந்தச் சராசரி முதலில் இறங்கி, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, மீண்டும் ஏறும். அந்த அடிமட்டமே யந்திரத்தின் லாபகரமான ஆயுள் எனப்படும். யந்திரம் ஓடக்கூடிய ஆயுள் வேறு, லாபத்துடன் ஓடக்கூடிய ஆயுள் வேறு என்பதே இப்பாடத்தின் உயிர்நாடி.

இக்கருத்து புதியதன்று. ஒரு மரத்தை எத்தனையாவது வயதில் வெட்டினால் நிலத்துக்கு அதிக ஆதாயம் என்ற கேள்விக்கு ஜெர்மானிய வனத்துறையாளரான மார்ட்டின் ஃபாஸ்ட்மான் 1849-ஆம் வருஷத்திலேயே வட்டிக் கணக்குடன் விடை எழுதினார். சவுக்குத் தோப்பு வைத்திருப்போர் வழக்கத்தால் செய்வதை அவர் சூத்திரமாகச் சொன்னார் எனலாம். யந்திரங்களுக்கு இதே முறையை அமெரிக்காவில் டெய்லர் 1923-லும், ஹாரல்ட் ஹோட்டலிங் 1925-லும் கணித ரீதியாக நிறுவினர். 1949-இல் ஜார்ஜ் டெர்பர்க் என்பவர் இதற்கெனவே ஒரு நூல் வெளியிட்டார். கையிலுள்ள பழைய யந்திரத்தைத் தன் இடத்தைக் காத்து நிற்பவனாகவும், சந்தையிலுள்ள புதியதை அவனைப் போருக்கு அழைப்பவனாகவும் அவர் பாவித்தார். உவமை நன்று, ஏனெனில், பழையதை மட்டும் தனியே பார்த்து இது நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க இயலாது. எதிரே நிற்பது எது என்பதையும் உடன் பார்த்தாக வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

கணக்கு விளங்கும்பொருட்டுச் சில தொகைகளை உத்தேசமாக வைத்துக் காட்டலாம். இவை எந்தக் கம்பெனியின் விலையுமல்ல. அவரவர் தத்தம் ஊர்த் தொகைகளை இவ்விடங்களில் இட்டுப் பார்த்தல் வேண்டும். யந்திரத்தின் கிரயம் 30 லட்சம் ரூபாய் எனவும், வருஷத்துக்கு 1,500 மணி வேலை எனவும், வட்டி நூற்றுக்குப் பத்து எனவும், டீசல் போக மணிக்கு 1,000 ரூபாய் மிஞ்சுமெனவும் கொள்க. வருஷ முடிவில் யந்திரத்துக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய கிரயம் முறையே 24, 20, 17, 14½, 12½, 11, 10, 9 லட்சம் எனக் கொள்க. டிரைவர் சம்பளமும் டீசலும் பழையதற்கும் புதியதற்கும் பொதுவாதலின் இங்குச் சேர்க்கப்படவில்லை. கீழ்க்கண்ட தொகைகள் யாவும் ஆயிரம் ரூபாய்க் கணக்கில்.

| வருஷம் | கிரயக் குறைவு | வட்டி | மராமத்து | நின்ற மணி நஷ்டம் | அவ்வருஷச் செலவு | அதுவரை சராசரி |
|---|---|---|---|---|---|---|
| 1 | 600 | 300 | 100 | 10 | 1,010 | 1,010 |
| 2 | 400 | 240 | 150 | 20 | 810 | 910 |
| 3 | 300 | 200 | 220 | 35 | 755 | 858 |
| 4 | 250 | 170 | 300 | 55 | 775 | 838 |
| 5 | 200 | 145 | 400 | 80 | 825 | 835 |
| 6 | 150 | 125 | 520 | 110 | 905 | 847 |
| 7 | 100 | 110 | 660 | 145 | 1,015 | 871 |
| 8 | 100 | 100 | 820 | 185 | 1,205 | 913 |

சராசரி ஐந்தாம் வருஷத்தில் 8,35,000 ரூபாயாக அடிமட்டத்தைத் தொடுகிறது. ஆகவே இத்தொகைகள் பொருந்தும் இடத்தில் ஐந்தாம் வருஷ முடிவே யந்திரத்தை மாற்றத் தக்க காலம்.

இப்பட்டியலில் இன்னும் இரு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய வருஷங்களின் சராசரிகளுக்குள் வித்தியாசம் மிகச் சொற்பம். ஐந்தில் மாற்றுவதற்குப் பதிலாக ஆறில் மாற்றினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய்தான் அதிகம். பள்ளத்தின் அடி தட்டையாக இருக்கிறதென்பது இதன் பொருள். ஆகையால் சரியான மாதம் எது, சரியான மணி எத்தனை என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வருஷம் முன்பின்னாயினும் பெருங்கேடு இல்லை. வங்கியில் கடன் கிடைக்கும் சமயம், நல்ல விலைக்குக் கேட்பவர் வரும் சமயம் முதலியவற்றைப் பார்த்து அந்த வருஷத்துக்குள் தீர்மானிக்கலாம்.

மற்றொன்று, இரண்டாம் வருஷ முடிவில் விற்பவருக்கும் எட்டாம் வருஷ முடிவில் விற்பவருக்கும் நஷ்டம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறது. முன்னவரின் சராசரி 9,10,000; பின்னவரின் சராசரி 9,13,000. புது மாடல் மோகத்தால் அவசரப்படுபவரை ஊரார் ஊதாரி என்கின்றனர். எட்டு வருஷம் ஓட்டியவரைச் சிக்கனக்காரர் என்கின்றனர். கணக்கின்படி இருவரும் ஒரே தட்டில் நிற்பவர்களே. எட்டு வருஷம் ஓட்டியவர், ஐந்தாம் வருஷத்தில் மாற்றியிருந்தால் ஆகக்கூடியதைவிட மொத்தத்தில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைத் தமக்குத் தெரியாமலே செலவிட்டிருக்கிறார்.

கழிந்ததைக் கணக்கில் சேர்க்கலாகாது

நடைமுறையில் ஒரு குடியானவர் முதல் வருஷத்திலிருந்து கணக்கு வைத்திருக்கமாட்டார். அவர் கையில் ஆறு வருஷம் உழைத்த யந்திரம் இருக்கும். அதை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதே கேள்வியாக இருக்கும். அவருக்குப் பழைய வருஷங்களின் கணக்கு வேண்டியதேயில்லை. இரண்டு தொகைகள் தெரிந்தாற் போதும். இந்த யந்திரத்தை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டால் அந்த ஒரு வருஷத்துக்கு ஆகும் செலவு என்ன என்பது ஒன்று. புதியதை வாங்கினால் அதன் அடிமட்டச் சராசரி என்ன என்பது மற்றொன்று. முன்னது பின்னதற்கு உட்பட்டிருக்கும் வரையில் வைத்துக்கொள்ளலாம். மிஞ்சுமாயின் விற்றுவிடுவதே உசிதம். மேற்படி பட்டியலில் நான்காம் வருஷ முடிவில் நிற்பவருக்கு அடுத்த வருஷச் செலவு 8,25,000, அது 8,35,000-க்கு உட்பட்டது, ஆதலால் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வருஷ முடிவில் நிற்பவருக்கு அடுத்த வருஷச் செலவு 9,05,000. அது மிஞ்சிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுவதுண்டு. "போன வருஷந்தானே எஞ்சினுக்கு மூன்று லட்சம் செலவழித்தேன், அதை எடுக்காமல் எப்படி விற்பது?" என்பர். அந்த மூன்று லட்சம், யந்திரத்தை விற்றாலும் போயிற்று, வைத்திருந்தாலும் போயிற்று. அச்செலவினால் யந்திரம் இனிமேல் நன்றாக ஓடுமாயின், அந்த நன்மை வரும் வருஷத்தின் மராமத்துக் குறைவில் தானே தெரியவரும். சந்தைக் கிரயம் கூடியிருந்தால் அதுவும் விற்பனையில் தெரியவரும். இவ்விரண்டிலும் தெரியாத செலவைக் கணக்கில் கொண்டுவந்து சேர்ப்பது, சென்ற வருஷம் சாவியாய்ப் போன பயிரின் உரச் செலவை இவ்வருஷ நெல்லின் விலையில் தேடுவது போலாகும்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு மயக்கம் உண்டு. கடன் தவணை தீர்ந்த பின்னர் வருவதெல்லாம் லாபமே என்று எண்ணுவோர் அநேகர். தவணை தீர்ந்தபோதிலும் யந்திரத்துக்குள் 12½ லட்சம் ரூபாய் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அது வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் குறைந்தும் வருகிறது. இத்தொகைக்கு எவரும் சீட்டுக் கொடுப்பதில்லையாதலால் அது செலவாகத் தோன்றுவதில்லை. கூட்டுறவுச் சங்கங்களிலும், பலர் கூடி யந்திரம் வைத்திருக்கும் இடங்களிலும், ஏட்டு மதிப்பைச் சந்தைக் கிரயமாக எடுத்துக்கொள்ளும் பிழையும் நேர்கிறது. வரிக் கணக்குக்காகக் குறைத்து எழுதிய தொகைக்கும், வாங்குபவர் கொடுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. மாற்றும் கணக்குக்கு இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு அறிவதே வழி.

பெரிய மராமத்துச் செய்யலாமா?

விற்பதும் வைத்துக்கொள்வதும் தவிர மூன்றாவது வழியாக, எஞ்சின், ஹைட்ராலிக் பம்ப், பின், புஷ், டயர் யாவற்றையும் ஒரே தடவையில் புதுப்பிப்பது உண்டு. இதைச் செலவாக நினையாமல், ஒரு பழைய யந்திரத்தைப் புதிதாய் விலைக்கு வாங்குவதாக நினைத்துக் கணக்கிடல் வேண்டும். ஆறு வருஷம் உழைத்த யந்திரத்தின் சந்தைக் கிரயம் 11 லட்சம். மராமத்து 5 லட்சம். ஆக 16 லட்சத்துக்கு வாங்கியதாகும். மூன்று வருஷம் கழித்து 8½ லட்சத்துக்கு விற்கலாமெனில், கிரயக் குறைவு 7½ லட்சம், அதாவது வருஷத்துக்கு 2,50,000. முடங்கிய பணம் சராசரி 12¼ லட்சம். அதற்கு வட்டி 1,22,500. ஆக 3,72,500 ரூபாய் நிச்சயச் செலவு. இதை 8,35,000-இலிருந்து கழித்தால் மிஞ்சுவது 4,62,500. மராமத்தும் நின்ற மணி நஷ்டமும் சேர்ந்து வருஷச் சராசரி இத்தொகைக்குள் அடங்குமானால்தான் புதுப்பிப்பது லாபம்.

அடங்குமா என்பது, மராமத்து யந்திரத்தை எவ்வளவு இளமையாக்குகிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் இருந்த நிலைக்கு அதைக் கொண்டுவர முடியுமானால், பட்டியலின்படி 3, 4, 5-ஆம் வருஷங்களின் மராமத்தும் நஷ்டமும் சேர்ந்த சராசரி 3,63,000 ரூபாய், இது லாபம். நான்காம் வருஷத் தொடக்க நிலைக்கு மட்டுமே வருமானால் சராசரி 4,88,000, இது நஷ்டம். ஒரே ஒரு வருஷத்து இளமை வித்தியாசத்தில் தீர்ப்பு மாறிவிடுகிறது. ஆதலின், பணிமனையார் "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று சொல்லும் வார்த்தையை இங்குச் சற்று உரைத்துப் பார்ப்பது அவசியம். அடிச்சட்டத்திலோ வெட்டும் கையிலோ வெடிப்பு விட்டு, முன்பே வெல்டிங் வைத்திருக்குமானால், எஞ்சினுக்குச் செலவு செய்வது பயனற்றது. எஞ்சின் புதிதாகி இரும்பு பழையதாகவே இருக்கும்.

நின்ற நாளின் நஷ்டம்

பட்டியலில் நின்ற மணி நஷ்டம் சிறு தொகையாகவே தோன்றுகிறது. ஆனால் எல்லா மணிகளும் சமமல்ல. தென் மாவட்டங்களில் பங்குனி முதல் ஆனி வரையில்தான் கண்மாய்கள் உலர்ந்திருக்கும்; வண்டல் வேலை முழுவதும் அப்பொழுதே நடைபெற வேண்டும். சித்திரையில் நின்ற பத்து நாளும் ஐப்பசி மழையில் நின்ற பத்து நாளும் ஒன்றாகா. சித்திரையில் யந்திரம் நின்றால் அந்த வேலை வேறொருவருக்குப் போகும். அடுத்த வருஷமும் அந்த ஊரார் அவரையே கூப்பிடுவர். வேலை கொடுத்த குடியானவருக்கோ, குட்டை பாதியில் நிற்க, மழை முந்திக்கொள்ளும். யந்திரச் சொந்தக்காரர் இழப்பது ஒரு பங்கெனில், நிலத்துக்காரர் இழப்பது ஒரு வருஷத்து நீர்.

வேலைக்காலம் குறுகியதாயிருந்தால் பழைய யந்திரத்தின் மலிவு எவ்வளவு செல்லுபடியாகும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், அமெரிக்கப் படையினர் இந்தியாவில் விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் நிறுவனம் தன் வேலையைத் தொடங்கிற்று. மத்திய இந்தியாவில் காஸ் என்னும் புல், தமிழ்நாட்டில் நாணல் எனப்படுவதே, ஆழ வேரோடி லட்சக்கணக்கான ஏக்கரைத் தரிசாக்கியிருந்தது. மழைக்கு முந்திய வறண்ட மாதங்களில் ஆழ உழுது வேரை வெயிலில் காய விட்டாலன்றி அது சாகாது. யுத்த மிச்ச யந்திரங்கள் கையில் இருந்தும், 1949 செப்டம்பரில் இந்திய அரசாங்கத்தார் விவசாய யந்திரங்களுக்கென உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் பெற்று, புதிய கனத்த டிராக்டர்களை வாங்க ஏற்பாடு செய்தனர். மலிவாய்க் கிடைத்தது இருக்கும்பொழுது வட்டிக்கு வாங்கிப் புதியது தேடுவானேன் என்று தோன்றலாம். சில மாதங்களே கிடைக்கும் வேலையில், நிற்காமல் ஓடுவதே விலை என்பதுதான் அதற்கு விடை.

வேலை குறைந்த யந்திரம்

மேற்சொன்னவை யாவும் வருஷம் 1,500 மணி ஓடும் யந்திரத்துக்குரியவை. சொந்தத் தோப்புக்கும் அண்டை அயலாருக்கும் மட்டும் 400 மணி ஓட்டுபவர் நிலை முற்றிலும் வேறு. மராமத்து பெரும்பாலும் ஓடிய மணியைப் பொறுத்தது. கிரயக் குறைவோ பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. புது யந்திரத்தின் முதல் வருஷக் கிரயக் குறைவும் வட்டியுமான 9 லட்சத்தை 400 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 2,250 ரூபாய் விழும். குறைவாக ஓடிய யந்திரமாதலின் இத்தொகை சற்றுக் குறையலாமாயினும், வாடகையில் இதை ஈடுகட்ட இயலாது. இத்தகையோர், மற்றொருவர் ஐந்து வருஷம் ஓட்டிச் சரியான காலத்தில் விற்கும் யந்திரத்தை வாங்கிப் பல வருஷம் வைத்துக்கொள்வதே தகும். ஒருவருக்கு விற்கும் காலமாயிருப்பது மற்றொருவருக்கு வாங்கும் காலமாயிருப்பதில் வியப்பொன்றுமில்லை. வருஷம் 200 மணிகூட வேலையில்லாதவர் யந்திரம் வாங்காமல் வாடகைக்கு அமர்த்துவது மேல். இதற்குக் கணக்குகூட வேண்டுவதில்லை.

எதிரே நிற்கும் புது யந்திரம்

புதியதன் விலை நிலையாயிருப்பதில்லை. சக்கரமுள்ள கட்டுமான யந்திரங்களுக்கு இந்திய அரசாங்கத்தாரின் புகை விதிகள் 2021 ஏப்ரல் முதலும், மறுபடி 2025 ஜனவரி முதலும் கடுமையாக்கப்பட்டன. அவ்விதிகளுக்கு ஏற்ற எஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாடும், புகையைச் சுத்திசெய்யும் அமைப்பும் சேர்கின்றன, விலையும் கூடுகிறது. ஊர் மெக்கானிக் ஸ்பேனரைக்கொண்டு தீர்த்த கோளாறுக்குக் கம்பெனியின் ஆள் கணினியோடு வரவேண்டிய நிலையும் ஏற்படுகிறது. இவற்றால் புதியதன் அடிமட்டச் சராசரி 8,35,000-இலிருந்து 9,10,000 ஆக உயருமெனில், பழையதன் ஆறாம் வருஷச் செலவாகிய 9,05,000 அதற்குள் அடங்கிவிடும். பழையது இன்னுமொரு வருஷம் வாழ உரிமை பெறும். புதியதன் விலை ஏறினால் பழையதன் சந்தைக் கிரயமும் கூடவே சிறிது ஏறுமாதலால், ஆறு மாதத்துக்கு முன் கேட்ட விலையை வைத்துக் கணக்குப் போடலாகாது.

வேறு சமயங்களில் புதியதே மேம்பட்டு நிற்கும். பழைய யந்திரம் மணிக்கு அரை லிட்டர் டீசல் அதிகம் குடிக்குமானால், 1,500 மணிக்கு 750 லிட்டர். லிட்டர் 90 ரூபாயென்று கொண்டாலும் 67,500 ரூபாய். டீசல் பொதுச் செலவு என்று மேலே விடப்பட்டது; இவ்வாறு வித்தியாசம் ஏற்படுமாயின் அவ்வித்தியாசத்தைப் பழையதன் பற்றில் எழுதவேண்டும். வேகம் குறைவதும் இப்படியே. ஒரு டிராக்டர் டிரெய்லரை நிரப்பப் புதிதில் எத்தனை நிமிஷம் பிடித்ததோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கொரு தடவை அதே டிரைவரை வைத்து, கூடியவரை அதேவிதமான மண்ணில் சோதித்துப் பார்க்கலாம். ஹைட்ராலிக் பம்ப் தேய்ந்தால் வாளி மெல்ல எழும். பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் வாளி ஆடி மண்ணைச் சிந்தும். நடைக்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்பவருக்கு இந்த மெதுவினால் வரும் நஷ்டம் தம்முடையதே. மணி வாடகைக்கு விடுபவருக்கு அது முதலில் தெரியாது, வாடிக்கைக்காரர் வேறிடம் போன பின்புதான் தெரியும்.

குறிப்பேடு

இத்தனைக்கும் ஆதாரம், யந்திரத்தில் வைத்திருக்கும் ஒரு நோட்டுப் புத்தகமே. தேதி, ஹவர் மீட்டரில் கண்ட மணி, ஊற்றிய டீசல், மாற்றிய சாமானும் விலையும், நின்ற மணி ஆகிய ஐந்தையும் டிரைவர் அன்றன்று எழுதிவரல் வேண்டும். நின்ற மணியை எழுத டிரைவர்கள் தயங்குவர், பழி தம் மேல் விழுமென்று. அப்படியல்ல என்று சொந்தக்காரர் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுதல் நலம். டயர் முழுவதும் ஒரே வருஷத்தில் மாற்ற நேர்ந்தால் அவ்வருஷச் செலவு வீங்கித் தோன்றும். அதை மாத்திரம் பார்த்து விற்றுவிடாமல், அந்த டயர் உழைக்கும் வருஷங்களுக்குப் பங்கிட்டே பார்க்கவேண்டும். இரண்டு வருஷக் குறிப்பு இருக்குமானால் மூன்றாம் வருஷச் செலவைப் பெரும்பாலும் சரியாக மதிக்கலாம்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சேமிப்புக் கணக்கும் வேண்டும். 30 லட்சத்துக்கு வாங்கி ஐந்து வருஷத்தில் 12½ லட்சத்துக்கு விற்கும் யந்திரத்துக்கு, இடைத்தொகை 17½ லட்சம். மாதத்துக்கு ஏறக்குறைய 29,000 ரூபாய். தவணை கட்டிவரும் காலத்தில் தவணையே இந்தச் சேமிப்பின் வேலையைச் செய்கிறது. தவணை முடிந்த மறுமாதம் முதல் அத்தொகையைத் தனியே ஒதுக்காமல் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் செலவழித்துவிட்டவர், மாற்ற வேண்டிய காலம் தெரிந்தும் மாற்ற முடியாமல் எட்டாம் வருஷத்துக்கும் ஒன்பதாம் வருஷத்துக்கும் இழுத்துச் செல்ல நேரிடுகிறது.

விற்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

தை, மாசி மாதங்களில், கோடை வேலை தொடங்குமுன், பழைய யந்திரத்தைக் கேட்பவர் அதிகம். மழைக் காலத்தில் குறைவு. குறிப்பேட்டை வாங்குபவரிடம் காட்டலாம். ஒழுங்காக எழுதிய குறிப்பேடு பெயிண்ட் அடிப்பதைவிட நல்ல விலையைக் கொண்டுவரும். வேலை மிகுதியாயுள்ள இடங்களில் சிலர் பழையதை விற்காமல் புதியதற்குத் துணையாக வைத்துக்கொள்கின்றனர். அதற்கென்று வருஷம் சில நூறு மணி வேலை உண்மையிலேயே இருந்தால் அது தகும். கொட்டகையில் நிற்கும் யந்திரத்துக்கும் கிரயக் குறைவும் வட்டியும் நில்லாமல் ஏறும்.

இது பதிவு செய்யப்பட்ட வாகனமாதலால், பணம் பெற்று யந்திரத்தை ஒப்படைத்ததோடு காரியம் முடிந்துவிடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு விற்பனையைத் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடன் தீர்ந்திருந்தாலும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீங்காமல் இருக்கலாம். வங்கியிடம் தடையின்மைச் சான்று பெற்று அதை முன்னதாகவே நீக்கி வைத்துக்கொண்டால், நல்ல விலைக்குக் கேட்டு வந்தவர் காகிதத்துக்காகக் காத்திராமல் யந்திரத்தை அன்றே ஓட்டிச் செல்லலாம்.